கத்திரிக்காய் வெளிச்சம்

மூன்றாவது நிமிடத்தில் மீட்டர் கையைத் தூக்கினார். படம் நின்றது. அறை விளக்கு எரிந்தது.

மீட்டர் என்பது ஒளிப்பதிவு ஆசிரியருக்குப் பிள்ளைகள் வைத்த பேர். வெளிச்சம் அளக்கிற கருவி ஒன்று, சோப்புப் பெட்டி அளவில், எப்போதும் அவர் கழுத்தில் கயிற்றில் தொங்கும். சாப்பிடும்போதுகூடக் கழற்ற மாட்டார். குளிக்கும்போதாவது கழற்றுவாரா என்பது அந்தத் திரைப்படக் கல்லூரியில் பல வருடமாகத் தீராத வழக்கு.

"படத்துல துணி நடிச்சிருக்கு. ரொம்ப நல்லா நடிச்சிருக்கு" என்றார். "அதை மடிக்கிறது யாரு? ரெண்டு கண்ணு தெரியுது. பேசும்போது பல்லு தெரியுது. மூஞ்சி எங்கம்மா?"

வகுப்பு சிரித்தது. அடக்கிச் சிரித்தவர்கள் பாதி, பெஞ்சைத் தட்டிச் சிரித்தவர்கள் மீதி.

கடைசி வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்தாள். படத்தை எடுத்தவள். வகுப்பில் அவளுக்கு மிளகாய் என்று பேர். கோபம் மூக்குக்கு மேல் வரும், வந்தால் இறங்க நேரமாகும்.

"அது எங்கம்மா மூஞ்சி சார்."

சிரிப்பு கத்தரியால் வெட்டினதுபோல் நின்றது. மீட்டருக்கும் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. மனுஷர் கெட்டவர் இல்லை. ஆனால் சொன்ன சொல்லை எடுக்கத் தெரியாதவர்.

"யாரா இருந்தா என்ன, பாக்குறவங்களுக்கு மூஞ்சி தெரியணும்ல? அடுத்த திங்கக்கிழமை திரும்ப எடுத்துட்டு வா. தெரிஞ்சா சனிக்கிழமை பெரிய திரையில ஓடும். தெரியலைன்னா ஓடாது. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்." பிறகு கொஞ்சம் இறங்கி வந்து சொன்னார். "நேரா ரெண்டு லைட் ஏத்து. லேசா பவுடர் போட்டு விடு. டல்லான ஸ்கின்னுக்கு அதுதான் வழி."

டல். அந்த ஒற்றைச் சொல் அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

மீட்டரின் முதுகுக்குப் பின்னால் சுவரில் ஒரு அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. வண்ண வண்ணமாகக் கட்டங்கள், நடுவில் பாலில் முக்கி எடுத்ததுபோல் ஒரு பெண்ணின் முகம். முதல் வருடத்திலிருந்து எல்லாரும் கேமராவை அந்த முகத்தைப் பார்த்துத்தான் சரிசெய்ய வேண்டும். அந்தப் பெண் யார், எந்த ஊர், ஒருத்தருக்கும் தெரியாது. அவள் மட்டும் எந்தக் கேமராவிலும் காணாமல் போனதில்லை.

*

படம் ஆறு நிமிடம். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஒருத்தி படுக்கை விரிப்பு மடிக்கிறாள். நோயாளி யாரையும் அவள் கண்ணால் பார்த்ததில்லை. துணியை வைத்தே மேலே மாடியில் யார் பிறந்தார்கள், யார் போனார்கள் என்று சொல்லிவிடுவாள். அவ்வளவுதான் கதை.

முதலில் நடிக்க வந்தது வகுப்புத் தோழி ஒருத்தி. நல்ல பெண்தான். ஆனால் ஒரு விரிப்பை மடிக்க எட்டு முறை முயன்றாள். எட்டாவது முறை விரிப்புக்குள் அவளே மாட்டிக்கொண்டாள். பார்த்துக்கொண்டிருந்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"கொண்டா இங்க. துணிக்குக் கஷ்டமா இருக்கு."

மூன்று உதறல், நான்கு மடிப்பு. விரிப்பு செங்கல் மாதிரி அடுக்கில் உட்கார்ந்தது. பத்தொன்பது வருடமாக அம்மா செய்கிற வேலை அது. கேமராவுக்குப் பின்னால் நின்ற மகளுக்குப் புல்லரித்துவிட்டது. அப்போதே முடிவு செய்தாள், அம்மாதான்.

அங்கேதான் வம்பும் தொடங்கியது. படத்தில் உன்னைத்தான் போடுகிறேன் என்று மகள் சொன்னதுதான் தாமதம், அம்மா சலவைக்கூடம் பூராவும் தண்டோரா போட்டாயிற்று. பதினோரு பெண்கள் அந்தச் சனிக்கிழமைக்கு ஷிப்ட் மாற்றி வைத்துவிட்டார்கள். இஸ்திரி இயந்திரத்தில் நிற்கிற பெரியவள், எல்லாருக்கும் அக்கா, புதுச் செருப்பே எடுத்துவிட்டாள். அவர்களிடம் போய், மூஞ்சி தெரியவில்லையாம், படம் ஓடாதாம் என்று எந்த வாயால் சொல்வது?

வகுப்பில் பாதிப் பேர் பொம்மைக்குப் பதில் கேமராவை வைத்து விளையாடி வளர்ந்தவர்கள். அவள் முதன்முதலாகக் கேமராவைத் தொட்டது கல்லூரி விண்ணப்பத்துக்குப் படம் எடுக்கப் போன கடையில். "தொடாதம்மா" என்று கையைத் தட்டிவிட்டார்கள். அவள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவள்தான். ஏறின இடத்தில் கிடைத்த மரியாதை இது.

*

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அம்மாவைக் கல்லூரிக்கே அழைத்து வந்தாள். ஆசிரியர் சொன்னபடி ஒரு தடவை செய்துதான் பார்ப்போமே. கூட சோடாபுட்டி இருந்தாள். படத்துக்குக் கேமரா பிடித்தவள். மூக்குக் கண்ணாடியின் தடிமனைப் பார்த்தால் இவளா கேமரா பிடிக்கிறாள் என்று தோன்றும். ஆனால் ஃபோகஸ் தப்பினதே கிடையாது.

இரண்டு லைட்டை நேருக்கு நேர் ஏற்றினார்கள். அம்மா கண்ணைச் சுருக்கினாள். பவுடர் பூசினார்கள். சோடாபுட்டி ஒரு நிமிடம் படம் பிடித்து மானிட்டரில் போட்டுக் காட்டினாள்.

முகம் தெரிந்தது. தெரிந்தது என்பது வரைக்கும் சரி. மூக்கும் கன்னமும் ஒரே மட்டமாய், சாம்பலை அப்பிய சுவர்போல் ஏதோ ஒன்று தெரிந்தது. அம்மாவுக்குச் சிரிக்கும்போது கன்னத்தில் விழுகிற குழி எங்கோ போயிருந்தது.

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மாவுக்கோ வாயெல்லாம் பல்.

"ஏ, நல்லா இருக்கேனே! வெள்ளையா வேற இருக்கேன். இதையே போட்டுடு பாப்பா."

"இது நீயே இல்லம்மா."

"நான் இல்லாட்டி என்ன? நல்லா இருக்குல்ல?"

"செத்துப்போனவ மாதிரி இருக்க."

அம்மா மானிட்டரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"எனக்கு கல்யாணத்துக்கு எடுத்த போட்டோவுலயே மூஞ்சி விழல. புடவை விழுந்துச்சு, மாலை விழுந்துச்சு. போட்டோக்காரன் என்ன சொன்னான் தெரியுமா? உங்க கலருக்கு இவ்ளோதாம்மா வரும்னான். இப்பதான் மொத தடவை விழுந்திருக்கு. அதையும் வேணாம்ங்கிற. படிச்சவ, என்னமோ பண்ணு."

சொல்லிவிட்டுப் போயே போய்விட்டாள். மகள் லைட்டை அணைக்காமல் நின்றாள். இப்போது கோபம் யார் மேல் என்று அவளுக்கே குழப்பம். மீட்டர் மேலா, போட்டோக்காரன் மேலா, சுவரில் தொங்குகிற வெள்ளைக்காரி மேலா, அல்லது தன் நாக்கின் மேலேயா.

"வாயைக் கொஞ்சம் கழுவிட்டு வா" என்றாள் சோடாபுட்டி. "அந்த டயலாக் தேவையாடி உனக்கு?"

*

மறுநாள் சமையலறையில் உட்கார்ந்து கல்லூரிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். முகத்துக்கு ஒளி அமைப்பது எப்படி என்று நாற்பது பக்கம். நாற்பது பக்கமும் அந்த அட்டைக்காரியின் அக்கா தங்கைகள். எரிச்சலில் புத்தகத்தைத் தள்ளினாள். அது போய்க் காய்கறிக் கூடையில் மோதியது. ஒரு கத்திரிக்காய் உருண்டு வந்து ஜன்னலுக்குக் கீழே நின்றது.

கறுத்து மினுத்த, நல்ல குண்டுக் கத்திரிக்காய். அவள் பார்த்தாள். ஜன்னல் அதன் மேல் தெரிந்தது. கம்பி உட்பட, நீளமாக, வளைந்து. அந்த ஒரு வெள்ளைக் கோடுதான் கத்திரிக்காய் உருண்டை என்பதையே கண்ணுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் ஒரு முட்டை எடுத்து வைத்தாள். முட்டையில் ஜன்னல் தெரியவில்லை. ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல், அவ்வளவுதான். முட்டை விழுகிற வெளிச்சத்தை வாங்கிக்கொள்கிறது. கத்திரிக்காயோ எதிரில் என்ன இருக்கிறதோ அதைத் திருப்பித் தருகிறது.

ஒரு வெள்ளைத் தட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தினாள். கத்திரிக்காயின் கன்னத்தில் தட்டு ஏறி உட்கார்ந்தது. தட்டைத் தள்ளினாள், மினுப்பு மெலிந்தது. டார்ச்சை எடுத்து நேராகக் கத்திரிக்காய் மேல் அடித்தாள். நடுவில் ஒரு சின்னப் புள்ளி, மற்றதெல்லாம் இருட்டு. அதே டார்ச்சைத் திருப்பித் தட்டின் மேல் அடித்தாள்.

கத்திரிக்காய் முழுசாக எழுந்து நின்றது.

"அடப்பாவிகளா" என்றாள் வாய்விட்டு. மூன்று வருடமாக முட்டைக்கு லைட் போடத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கத்திரிக்காய்க்கு லைட் கத்திரிக்காய் மேல் அடிக்கக் கூடாது. அதன் எதிரில் இருக்கிறதன் மேல் அடிக்க வேண்டும்.

கடைசியாக இன்னொரு வேலையும் செய்தாள். அம்மாவின் பவுடர் டப்பாவை எடுத்து வந்து கத்திரிக்காயில் பாதிக்குத் தட்டி, தடவிவிட்டாள். அந்த நேரம் பார்த்துத்தான் அம்மா வேலை முடிந்து உள்ளே வந்தாள்.

"ஐயய்யே! கத்திரிக்காய்க்குப் பவுடர் போட்டு போட்டோ புடிக்கிறியா? உனக்கு முத்திதான் போச்சு."

முந்தின நாளிலிருந்து மகளோடு பேசுவதில்லை என்றிருந்த வைராக்கியம் அங்கேயே காலி. மகளும் அதைச் சாக்காக வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, இங்க வா. வந்து சொல்லு. கடையில இருந்தா எந்தப் பக்கத்தைப் பாத்து வாங்குவ?"

அம்மா குனிந்து பார்த்தாள். காய்கறி விஷயத்தில் அம்மா பொய் சொல்ல மாட்டாள்.

"இதென்ன கேள்வி. இந்தப் பக்கம் இப்பதான் பறிச்ச மாதிரி தளதளன்னு இருக்கு. அந்தப் பக்கம் பூஞ்சை புடிச்ச மாதிரி."

"பூஞ்சை பக்கம்தான் பவுடர் போட்ட பக்கம்."

அம்மா நிமிர்ந்தாள். மகள் என்ன சொல்ல வருகிறாள் என்று புரிய ஒரு நொடிதான் ஆனது.

"அப்ப நான் கத்திரிக்காயா?"

"தளதளன்னு இருக்குன்னு நீதான சொன்ன?"

"கழுதை" என்றாள் அம்மா. ஆனால் போகும்போது கத்திரிக்காயைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனாள். "செத்துப்போனவ மாதிரின்னு சொன்னது தப்புதாம்மா" என்று முதுகுக்குப் பின்னால் மகள் முணுமுணுத்தாள். குழாயில் கத்திரிக்காய் கழுவுகிற சத்தம் மட்டும் கேட்டது.

*

ஞாயிற்றுக்கிழமை சலவைக்கூடத்தில் பாதி இயந்திரம்தான் ஓடும். நாலு மணி வரை ஒரு மூலையை எடுத்துக்கொள்ளலாம் என்று மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார். உயரத்தில் வரிசையாக ஜன்னல்கள். கீழே கொதிநீர்த் தொட்டி, இஸ்திரி உருளை, மடிக்கிற நீள மேசை. காற்றில் ஈரமும் சோப்பும்.

திட்டம் சுலபம். கேமராவுக்கு இரு பக்கமும் விரிப்புகளைக் கொடி கட்டிச் சுவர்போல் தொங்கவிடுவது. ஒரே ஒரு லைட். அதை அம்மாவின் முகத்தில் அடிக்காமல் விரிப்பின் மேல் அடிப்பது. விரிப்புதான் தட்டு. அம்மாதான், வேண்டாம், சொன்னால் அடிப்பாள்.

விரிப்புகளை ஏற்பாடு செய்கிற பொறுப்பை அம்மா கேட்டு வாங்கிக்கொண்டாள். "நீ போய்க் கேமராவைப் பாரு. துணி என் பாடு." காலையில் போய்ப் பார்த்தால் கொடியில் பதினெட்டு விரிப்புகள். கண் கூசுகிற வெள்ளை. மடிப்புக் கோடுகூட ஒன்றுக்கொன்று நேர் பிடித்தாற்போல் இருந்தது. அம்மா பக்கத்தில் மாப்பிள்ளையின் தகப்பன் தோரணையில் நின்றிருந்தாள். முகத்தில் பவுடர்.

சோடாபுட்டி மகளின் முழங்கையை இடித்தாள். மகள் பல்லைக் கடித்தாள். வாயைக் கழுவி வைத்திருந்ததால் வேறு மாதிரி சொன்னாள்.

"அம்மா, ஷாட்டுக்கு இன்னும் நேரம் இருக்கு. அதுவரைக்கும் சும்மா ஏன் நிக்கிற, வேலையைப் பாரு."

அம்மாவுக்கும் சும்மா நிற்க வராது. தொட்டியிலிருந்து துணி எடுத்தாள், பிழிந்தாள், உருளையில் கொடுத்தாள். இருபது நிமிடம். நீராவியிலும் வியர்வையிலும் பவுடர் தானே வழிந்து போனது. அக்காதான் முதலில் கண்டுபிடித்தாள். "உன் மவ கெட்டிக்காரி. மூஞ்சி கழுவுன்னா கேக்க மாட்டேன்னு வேலை குடுத்தே கழுவ வச்சிட்டா பாரு." அம்மா மகளை முறைத்தாள். முறைக்கிற முகத்தில் மினுப்பு ஏறியிருந்தது. மகளுக்கு அது போதும்.

லைட்டை விரிப்பின் மேல் அடித்தார்கள். அம்மாவின் நெற்றி, கன்ன எலும்பு, மூக்கின் ஓரம், எல்லாம் ஒவ்வொன்றாக எழுந்தன. சோடாபுட்டி கேமராவில் கண்ணை வைத்தாள். ரொம்ப நேரம் எடுக்கவில்லை.

"ஏய், மூஞ்சி தெரியுது. ஆனா..."

"ஆனா?"

"நீயே பாரு."

முகம் நீலமாக இருந்தது. லேசாக அல்ல. மை டப்பாவுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்தவள்போல. லைட்டை மாற்றினார்கள், நீலம். கொடியைத் தள்ளினார்கள், நீலம். ஜன்னலைச் சாத்தினாலும் நீலம்.

"கம்ப்யூட்டர்ல சரி பண்ணிக்கலாமா?" என்றாள் சோடாபுட்டி.

"மூஞ்சியை சரி பண்ணினா பின்னாடி சுவத்துக்கு மஞ்சக்காமாலை வந்துடும்."

மணி இரண்டரை. மகள் கொடியருகே போய் ஒரு விரிப்பைக் கையில் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தாள்.

"அம்மா. இதுக்கு என்ன போட்ட?"

"என்ன போட்டேன்? நீலம் போட்டேன். வெள்ளைத் துணிக்கு நீலம் போடாம?"

"எவ்ளோ?"

அம்மா முகத்தில் பெருமை பொங்கி வழிந்தது. "நேத்து ஒரு முக்கு. மனசு கேக்கல, இன்னைக்கு காலைல வந்து இன்னொரு முக்கு. பெரிய டாக்டர் ரூமுக்குக்கூட ஒரு தடவைதான் போடுவோம். என் மவ படத்துக்கு ரெண்டு தடவை."

அக்கா மெதுவாகத் தலையில் கை வைத்தாள். மகளின் கண்ணைப் பார்த்த அம்மாவுக்கு ஏதோ கெட்டுவிட்டது என்று மட்டும் தெரிந்தது. வாய் கோணியது. பதினெட்டு விரிப்பு, ஆளில்லாத நேரத்தில் தனி ஒருத்தியாய் இரண்டு தடவை முக்கிப் பிழிந்திருக்கிறாள்.

மகளுக்கு நாக்கு நுனியில் ஒரு மூட்டை வசவு நின்றது. விழுங்கினாள்.

"நல்லாத்தாம்மா வெளுத்திருக்க. நம்ம கண்ணுக்கு வெள்ளை. உன் மூஞ்சி அந்த நீலத்தை மட்டும் தனியா புடுங்கித் திருப்பிக் காட்டுது. உன் தப்பு இல்ல. நீலம் போடாத துணி ஏதாவது இருக்கா?"

"நீலம் போடாத துணியா?" அம்மா இதைக் கெட்ட வார்த்தையைக் கேட்டதுபோல் கேட்டாள். "இங்க எதுக்குடி இருக்கப்போகுது அது?"

"அந்தக் கழிவு மூட்டை" என்றாள் அக்கா.

அம்மா திரும்பினாள். "அதையா? அக்கா, மானம் போயிடும்."

மூலையில் மூட்டையாகக் கிடந்தன, ஆயுள் முடிந்த விரிப்புகள். தரை துடைக்கக் கிழிப்பதற்காக ஒதுக்கியவை. கொதித்துக் கொதித்துப் பழுத்து, வெள்ளைக்கும் பாலாடைக்கும் நடுவில் ஒரு நிறத்துக்கு வந்திருந்தன. அங்கங்கே ஓட்டை. மகள் ஒன்றை உதறிப் பிடித்தாள். ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டு அவள் கையில் வெயில்போல் விழுந்தது.

"இதான்" என்றாள். "இதான் வேணும்."

பிறகு நடந்ததைப் பார்த்திருக்க வேண்டும். அக்கா கொடியை அவிழ்த்தாள். சோடாபுட்டி லைட் ஸ்டாண்டைத் தூக்கினாள். அம்மா மட்டும் கழிவுத் துணியைத் தொடாமல் கையைக் கட்டி நின்றாள். நான்கு விரிப்பு ஏறிய பிறகு அவளால் தாங்க முடியவில்லை. "தள்ளுங்க. ஓட்டையைக் காட்டியா மாட்டுவாங்க? உள்பக்கம் திருப்பு" என்று வந்து நின்று மீதியையெல்லாம் அவளே மாட்டினாள். மடிக்கிற துணிக்கும் அதிலிருந்தே எடுத்துக் கொடுத்தாள் மகள். போன தடவை கேமரா பளீர் வெள்ளையைப் பார்த்து மிரண்டு தன்னைச் சுருக்கிக்கொண்டதில்தான் அம்மா இருட்டில் போனாள். இந்தப் பழுப்புக்குக் கேமரா மிரளாது.

கேமராவை அம்மாவின் கண் மட்டத்துக்கு இறக்கி, கிட்டத்தில் கொண்டுபோனார்கள். இரண்டு அடி தூரம்கூட இல்லை. அம்மா விரிப்பை உதறினாள். ஒவ்வொரு உதறலுக்கும் துணி எழும்பியது, வெளிச்சம் முகத்தில் ஏறி இறங்கியது. நெற்றியில் ஒரு கோடு, கன்னத்தில் ஒரு வளைவு, மேலுதட்டில் வியர்வை முத்து. கறுப்பு கறுப்பாகவே இருந்தது. அதற்குள் எத்தனை நிறம். செம்பு தெரிந்தது, மாதுளைத் தோல் தெரிந்தது.

சோடாபுட்டி கண்ணை எடுக்காமல் சொன்னாள். "எங்க அம்மாவையும் ஒரு நாள் இங்க கூட்டிட்டு வரணும்டி."

மூன்றே முக்காலுக்குக் கடைசி ஷாட் முடிந்தது.

*

திங்கட்கிழமை இந்தத் தடவை மீட்டர் கையைத் தூக்கவில்லை. ஆறு நிமிடமும் ஓடியது. விளக்கு எரிந்தபோது அவர் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றிருந்தார்.

"எத்தனை லைட்?"

"ஒண்ணு சார்."

"பொய் சொல்லாத. மூஞ்சிக்கு எத்தனை?"

"மூஞ்சிக்கு ஒண்ணுகூட இல்ல சார்."

அவர் கழுத்துக் கருவியைக் கையில் எடுத்தார். எதை அளப்பது என்று தெரியாமல் திரும்ப விட்டார். "யார் சொல்லிக்குடுத்தது?"

"கத்திரிக்காய் சார்."

வகுப்பு சிரித்தது. இந்தச் சிரிப்பில் அவளும் சேர்ந்துகொண்டாள். பிறகு சிரிப்பை நிறுத்திச் சொன்னாள். "எங்கம்மா ஸ்கின் டல் இல்ல சார். நம்ம லைட்தான் டல்லா இருந்துச்சு." மீட்டர் படிவத்தில் 'தேறியது' என்று எழுதி, தன் கையெழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டார்.

சனிக்கிழமை பிற்பகல் பெரிய அரங்கில் இரண்டாவது வரிசை முழுக்கச் சலவைக்கூடம். புதுச் செருப்போடு அக்கா. நடுவில் அம்மா, இறுகிப்போய், கைப்பையை மடியில் பிடித்துக்கொண்டு. மகள் ஓரத்தில் நின்று திரையைப் பார்க்காமல் அந்த வரிசையையே பார்த்தாள்.

முகம் திரையில் வந்தது. பத்தடி உயரம்.

பன்னிரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள். ஒருத்தி "யம்மா" என்றாள். திரையில் அம்மா உதறினாள், மடித்தாள், நின்று ஒரு விரிப்பைத் தடவிப் பார்த்து லேசாகச் சிரித்தாள். கன்னத்தில் குழி விழுந்தது. அரங்கில் கடைசி வரிசைக்கும் அது தெரிந்திருக்கும். இருட்டில் உட்கார்ந்திருந்த அம்மாவின் கை மெல்ல எழுந்து தன் கன்னத்தைத் தொட்டது, சரிபார்க்கிறமாதிரி.

படம் முடிந்து கைதட்டல் எழுந்தபோது அக்கா எழுந்து நின்று பின் வரிசைக்காரர்களிடம் திரும்பினாள். "அது இவதான். இங்கதான் இருக்கா. நல்லா பாத்துக்குங்க."

"உக்காருக்கா, மானத்தை வாங்காத" என்றாள் அம்மா. ஆனால் தானும் எழுந்து நின்றாள்.

வெளியே வந்ததும் மகள் கேட்டாள். "எப்படிம்மா இருந்துச்சு?"

"ரெண்டாவதா மடிச்ச துணி ஓரம் கால் விரக்கடை கோணல்" என்றாள் அம்மா. "நான் எப்படிக் கவனிக்காம விட்டேன்னு தெரியல." சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாள். மகள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். பார்த்த பக்கத்தில் அவளுக்கும் எதுவும் சரியாகத் தெரியவில்லை.

அடுத்த வாரம் அவள் ஒரு வேலை செய்தாள். யாரையும் கேட்கவில்லை. படத்திலிருந்து அம்மாவின் முகத்தைப் பெரிதாக அச்சடித்துக் கொண்டுபோய், ஒளிப்பதிவு அறைச் சுவரில், அந்தப் பால் முகத்துக்குப் பக்கத்தில் ஒட்டினாள். ஒட்டிக்கொண்டிருக்கும்போதே மீட்டர் உள்ளே வந்துவிட்டார். கையும் களவும்தான். அவள் திரும்பி நின்று, என்ன சொன்னாலும் வாங்கித் திருப்பிக் கொடுக்கத் தயாரானாள்.

மீட்டர் சுவரைப் பார்த்தார். அளந்து அளந்து பார்த்தார்.

"பசை நிக்காது. நாலு மூலையிலும் ஆணி அடி" என்றார். "கொஞ்சம் கீழ இறக்கு. ரெண்டும் ஒரே மட்டத்துல இருக்கணும்."

வெள்ளிக்கிழமை அந்தப் பக்கமாகப் போனபோது முதல் வருடப் பிள்ளைகள் கேமராவைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். "அந்தம்மா மூஞ்சிக்கு வை. அவங்க தெரிஞ்சா எல்லாரும் தெரிவாங்க" என்றான் ஒருவன். அவள் வாசலில் நின்று கேட்டாள். இன்னொரு தடவை சொல்வானா என்று கொஞ்ச நேரம் காத்தும் இருந்தாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். அம்மா காய் நறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். கேட்டு முடித்துக் கத்தியைத் திரும்ப எடுத்தாள்.

"எத்தனை வருசத்துக்கு மாட்டி வைப்பாங்களோ. அதையாவது கொஞ்சம் பவுடர் போட்டு எடுத்திருக்கலாம்ல?"